காப்பும் கமராவும்

எம்மிடம் விலங்கியல் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் வீடு தேடி வந்தான். முற்றத்துத் தேசிமரத்திலே வண்ணத்துப்பூச்சி இட்டுச் சென்ற முட்டையைப் படம் பிடிக்க வேண்டுமாம். பழைய கமராவொன்றும் 50 மில்லிமீற்றர் வில்லையும் அவனிடம் இருந்தன. “சேர், 100 மில்லிமீற்றர் மக்ரோ வில்லை வாங்கப் போகிறேன். காப்பை அடகு வைக்க அம்மாவும் சம்மதித்துவிட்டா” என்றான். எமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இவ்விடயத்தில் நாமும் ஒருமுறை ஏமாந்தவர்களே. ‘மக்ரோ’ எனப் பொறித்திருந்த சூம் வில்லையொன்றைப் பல ஆண்டுகளின் முன் ஆசையோடு வாங்கினோம். பொருளின் உண்மைப் பருமனிற் காற்பங்குக்கு மேல் அது காட்டவில்லை. பெயரைப் பாராது விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர்ப் பொருள் கமராவின் உணரியிலும் ஒரு மில்லிமீற்றராகவே விழுமாயின் அது ஒன்றுக்கு ஒன்று. மக்ரோ என்னும் பெயர் அதற்கே தகும்.

அடுத்து வினவ வேண்டியது, படம் பிடிக்கப்படும் உயிர் ஓடுமா, ஓடாதா என்பது. தும்பியாயின் ஓடும். 100 மில்லிமீற்றர் மக்ரோ வில்லை, ஒன்றுக்கு ஒன்று காட்டும்போதும் முகப்பிலிருந்து 13 அல்லது 14 சென்ரிமீற்றர் தள்ளி நிற்க விடும். அதன் விலையிற் பெரும்பகுதி இந்த இடைவெளிக்கே என்பது எம் கருத்து. முட்டையோ எங்கும் ஓடப் போவதில்லை. வில்லைக்கும் கமராவுக்கும் இடையிற் பூட்டும் நீட்டுக் குழாய்கள் அதற்குப் போதும். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்றுக் குழாய்கள் அவை. 50 மில்லிமீற்றர் வில்லைக்கு மொத்தம் 50 மில்லிமீற்றர் நீளக் குழாய்களைப் பூட்டினால் ஒன்றுக்கு ஒன்று கிடைத்துவிடும். முட்டைக்கு மிக நெருங்க நேரும் என்பது உண்மையே. முட்டை அதைப் பொருட்படுத்தாது. மின்தொடர்பு உள்ள குழாய்களையே வாங்குமாறு சொன்னோம். மற்றவற்றிற் பெரும்பாலான இக்கால வில்லைகளின் துவாரத்தை மாற்றவியலாது.

மிச்சப் பணத்தில் உறுதியான முக்காலியொன்றை வாங்கச் சொன்னோம். ஒன்றுக்கு ஒன்றில் உணரிக்கு எட்டும் ஒளி காற்பங்காகக் குறைகிறது. மூச்சு விட்டாலே படம் கலங்கும். துவாரத்தை எஃப் 8 இல் வைத்தாலும் தெளிவாக விழுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஆழமே. அதற்காக எஃப் 22 வரை ஒடுக்கினாலும் பயனில்லை. ஒடுங்கிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து, படம் முழுதும் மழுங்கிவிடும். பளிச்சொளி விளக்கின்முன் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்தாற் போதும். ஒளி மென்மையாகப் பரவும். இதற்கெனக் கடையில் விற்கும் பொருளை நாம் இன்றுவரை வாங்கியதில்லை.

குழாய்கள் வந்ததும் இருவருமாக அத்தேசிமரத்தடியில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தோம். காற்றுக்கு இலை ஆடியது. அவன் தாயார் உடுப்புக்கொடியிற் கிடந்த கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து, கிளையைத் தடியொன்றோடு கவ்வவைத்தார். கையிற் காப்பு இருந்தது. இருபதுக்கு மேற்பட்ட படங்களில் இரண்டு தேறின. இலையில் ஒட்டிய மஞ்சள் முத்துப்போல முட்டை தெரிந்தது.

ஓரிரு நாளில் அது பொரித்துவிட்டது. “புழு நகர்கிறதே சேர், இனி என்ன செய்வது?” என்று இப்போது கேட்கிறான்.