தாளில் இரு பக்கத்தாரும் கையொப்பமிடட்டும்

ஊவாவின் தோட்டங்களில், பசறையிலிருந்து ஹப்புத்தளை வரை, பெற்றோர் கூடும் இடங்களில் இன்று கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: “பிள்ளை சொல் கேட்பதில்லை.” இரவில் நெடுநேரம் கைப்பேசி, வகுப்பு என்று சொல்லிவிட்டு டவுனில் சுற்றல், சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே “கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன்” என்ற பிடிவாதம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசிக்கு வந்தபோது, கடன்பட்டாவது அதனை வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர். ஆனால் அதனை எந்நேரம், எதற்குப் பாவிப்பது என்ற பேச்சு பல வீடுகளில் நடைபெறவே இல்லை.

இவ்வீடுகளுக்கு நாம் முன்வைக்கும் யோசனை எளியது. பெற்றோரும் கட்டிளமைப் பருவப் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து பேசி, வீட்டின் ஒழுங்குகளை ஒரு தாளில் எழுதி, இரு பக்கத்தாரும் கையொப்பமிட வேண்டும்.

“பெற்ற பிள்ளையோடு ஒப்பந்தமா?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதற்குக் காரணமும் உண்டு. எமது மக்களுக்கு எழுத்து என்பது பெரும்பாலும் மேலேயிருந்து வந்ததாகவே இருந்துள்ளது. கடனைக் காட்டித் தொழிலாளரைக் கைமாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னர், கூட்டு ஒப்பந்தங்கள் சம்பளத்தைத் தீர்மானித்தன. 2019 ஜனவரியிலும் அவ்வாறே கைச்சாத்தானது. 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது. கொழுந்து பறிப்பவரைக் கேளாமல் அவருடைய கூலியை எழுதுகிறார்கள் என்ற மனக்குறை அக்காலத்தில் அடிக்கடி எழுந்தது.

அந்த மனக்குறையே எமக்குப் பாடமாகட்டும். பிள்ளையைக் கேளாமல் தகப்பன் எழுதி நீட்டும் தாள் ஒப்பந்தமாகாது. பிரட்டுக்களத்துக் கட்டளையை வீட்டுக்குள் கொண்டுவந்ததாகவே முடியும். தன்னைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளை கருத்துச் சொல்லவும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்படவும் உரிமை உண்டென்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

இதில் அவசரமும் உண்டு. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டத்தின் இந்தப் பிடி தளரும் வயதிலேயே சாதாரண தரப் பரீட்சையும் வருகிறது. அதன்பின் பிள்ளையைப் படிப்பில் நிறுத்த எஞ்சியிருப்பது வீட்டோடு உள்ள உறவு மட்டுமே. ஏச்சையும் அடியையும் பதினான்கு வயதில் பொறுத்துக்கொள்ளும் பிள்ளை, பதினாறில் பஸ் ஏறிவிடும். கடையிலோ ஹோட்டலிலோ வேலை செய்யத் தொடங்கிய பின் பாடசாலைக்குத் திரும்புவது எளிதன்று.

அப்படியானால் என்ன எழுதுவது? அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர், வழிதவறும் இளைஞரின் குடும்பங்களுக்கு எழுத்து ஒப்பந்தங்களைப் பயன்படுத்தி, 1971இல் அதுபற்றி எழுதினார். நல்ல ஒப்பந்தத்துக்கு அவர் ஐந்து அம்சங்களைக் குறிப்பிட்டார்: பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகைகள், அதன் பொறுப்புகள், தவறினால் என்ன, தொடர்ந்து ஒழுங்காக நடந்தால் என்ன வெகுமதி, நடப்பதைக் குறித்து வைக்கும் முறை. எமது வீடுகளில் பொறுப்பும் தண்டனையும் மட்டுமே பேசப்படுகின்றன. மற்ற மூன்றும் விடுபட்டுப் போகின்றன.

எழுதுவது தெளிவாக இருக்க வேண்டும். “கைப்பேசியைக் குறைக்க வேண்டும்” என்று எழுதிப் பயனில்லை. “இரவு ஒன்பது மணிக்குப் பின் கைப்பேசி அலுமாரியின் மேல் இருக்கும், ஞாயிறு பிற்பகல் இரண்டு மணித்தியாலம் பிள்ளையின் விருப்பம்” என்று எழுதலாம். ஒரே காம்பிராவில் ஐந்தாறு பேர் உறங்கும் லயத்தில் இந்த ஒழுங்கு எல்லோருடைய உறக்கத்துக்கும் நல்லது.

பெற்றோரின் கடமைகளும் அதே தாளில் இடம்பெற வேண்டும். படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துவோம். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து சத்தம் போடமாட்டோம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பாடசாலையை மறிக்கமாட்டோம். இவற்றை எழுதத் தயங்கும் தகப்பன், மகனிடம் கையொப்பம் கேட்பது நியாயமா? மகனுக்கும் மகளுக்கும் விதி ஒன்றாகவே இருக்கட்டும். தண்ணீர் எடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் மகளின் பெயரில் மட்டும் எழுதப்பட்டால், அத்தாள் பழைய அநியாயத்துக்குப் புதிய முத்திரையாகிவிடும்.

தாய் வெளிநாட்டில் உழைக்க, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளும் பலர். அங்கே பாட்டியே ஒப்பந்தக்காரர். அவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். அவர் கைநாட்டு வைக்கட்டும். தாய்க்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டட்டும். தான் வாசித்து மற்றவருக்கு விளக்கிய விதியை மீறுவதற்குப் பிள்ளை சற்று யோசிக்கும்.

ஒப்பந்தத்துக்கு எல்லையும் உண்டு. சாப்பாடு, அன்பு, பாடசாலை ஆகியவை பேரம் பேசும் பொருள்களல்ல. தண்டனையாக அவற்றை மறுக்கக் கூடாது. அடியும் ஒரு விதியாக எழுதப்படலாகாது. பிள்ளை துன்புறுத்தப்படும் வீட்டில் தாள் எழுதிப் பயனில்லை. அங்கே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழைப்பதே சரி.

எந்த ஒப்பந்தத்துக்கும் காலம் குறிக்க வேண்டும். பாடசாலைத் தவணையே அதற்கு ஏற்ற அளவு. தவணை முடிவில் மீண்டும் அமர்ந்து, நடந்தது எது, நடக்காதது எது என்று பார்த்து, பிள்ளை பொறுப்பாக நடந்திருந்தால் அதற்கேற்பச் சுதந்திரத்தைக் கூட்டி எழுதலாம். தவறியது பெற்றோர் எனில் அதையும் பிள்ளை சொல்ல இடமிருக்கட்டும். இதற்குச் செலவு ஓர் அப்பியாசக் கொப்பித் தாளும், ஒரு மாலை நேரமும் மட்டுமே. வரும் தவணை தொடங்கு முன்னரே அந்த மாலையை ஒதுக்குமாறு எமது பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.