எல்லைக்கல்லும் உழைப்போர் ஒற்றுமையும்

குமுளியின் ஏலமலைச் சரிவுகளில் ஒரு முழ நிலத்துக்காக அண்டை வீட்டார் நீதிமன்றப் படியேறும்போது, வழக்குச் செலவில் அழிவது இரு தரப்பிலும் சிறு விவசாயியே. பழைய அளவைப் பதிவேடும் தரையிலுள்ள அனுபவ எல்லையும் பொருந்தாததே பல தகராறுகளுக்கு மூலகாரணம். கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 நவம்பர் 1 அன்று தொடங்கிய ‘என்டெ பூமி’ டிஜிட்டல் மறுஅளவை இதைத் தீர்க்கும் வாய்ப்பாகும். வரைவுப் பதிவேட்டைப் பார்வையிட்டு, அது இறுதியாக்கப்படுமுன் உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆயினும் ஆவணம் மலையாளத்தில் இருப்பதால் தமிழ் உழைப்பாளர் காலக்கெடுவைத் தவறவிடும் அபாயம் உண்டு. கட்சிக் கிளைகள் வீடுவீடாகச் சென்று வரைவை வாசித்துக்காட்ட வேண்டும். தகராறுள்ள இடங்களில் இரு தரப்பையும் அமரவைத்து, கல் நடுமுன்பே இணக்கம் காண வேண்டும். பெருந்தோட்டங்களுக்கு நில உச்சவரம்பில் விலக்கு நீடிக்கும் மண்ணில், உழைப்போர் முழ நிலத்துக்காக மோதினால் ஆதாயம் யாருக்கு?