கம்ப்யூட்டர் போட்ட கணக்கென்றால் சரியாகிவிடுமா?

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கம்மா, அதிலே தப்பு வராது." சம்பள நாளில் தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் அடிக்கடி காதில் விழும் பதில் இது. கேட்டவர் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார். சொன்ன குமாஸ்தா அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார். விவகாரம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுத நேர்ந்தது. ஏனென்றால் அந்தப் பதிலை ஒரு காலத்தில் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

சித்திரபுரத்தை அடுத்த ஒரு சிறு தோட்டத்தின் ஆபீஸில் நான் கணக்கு எழுதிய நாட்களில் நடந்தது இது. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். கையில் சம்பளச் சீட்டு. மற்றொரு கையில் மழையில் நனைந்து உப்பிப்போன ஒரு சின்ன நோட்டு. "ஐயா, இந்த மாசம் கூடுதல் கிலோ என் கணக்கிலே 212 வருது. சீட்டிலே 187 போட்டிருக்கே?" என்றார். நான் மேலே எழுதிய அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் நகரவில்லை. "கம்ப்யூட்டர் காட்டுக்கு வரலியே ஐயா, தராசுப் பக்கம் நின்னது நான்தானே?" என்றார்.

வேறு வழியின்றி எக்ஸெல் தாளைத் திறந்தேன். அவர் நோட்டையும் என் தாளையும் தேதி தேதியாக ஒத்துப் பார்த்தோம். எல்லா நாளும் ஒத்துப்போயின. ஆனால் கூட்டுத்தொகையில் மட்டும் 25 கிலோ குறைந்தது! பிறகுதான் கண்ணில் பட்டது. ஒருநாள் கட்டத்தில் 25 என்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் "25 கிலோ" என்று தட்டச்சாகியிருந்தது. பார்க்கிற மனிதனுக்கு இரண்டும் ஒன்றுதான். யந்திரத்துக்கோ முதலாவது எண், இரண்டாவது எழுத்து. கூட்டல் சூத்திரமாகிய 'சம்', எழுத்துள்ள கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

அதே தாளில் வேறு மூன்று பேருடைய வரிசையிலும் அந்தக் "கிலோ" ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் நோட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்க வரவும் இல்லை. பாக்கியை அடுத்த மாதம் நால்வருக்கும் சேர்த்துக் கொடுத்தோம் என்பது உண்மை. அந்த நோட்டு இல்லாதிருந்தால் கொடுத்திருப்போமா? இந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

மறந்துபோன நல்ல வழக்கம்

பெரிய பேரேட்டில் செக்ரோல் எழுதிய பழைய கணக்கப்பிள்ளைகள் வரிசைவாரியாக ஒரு கூட்டல் போடுவார்கள். பத்திவாரியாக இன்னொரு கூட்டல் போடுவார்கள். இரண்டும் கீழ் மூலையில் ஒரே தொகையில் வந்து சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள். மனிதன் தவறுவான் என்று தெரிந்ததால் ஏற்பட்ட வழக்கம் அது.

1979இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் 'விசிகால்க்' என்ற விரிதாளைக் கொண்டுவந்தார்கள். 1983இல் 'லோட்டஸ்' வந்தது. 1985இல் 'எக்ஸெல்' வந்தது. ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமே மாறிக்கொள்ளும் என்பது குமாஸ்தாக்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூட்டுகிற வேலை போனதோடு சரிபார்க்கிற வேலையும் போய்விட்டது. இதுதான் வந்த வினை. யந்திரம் கூட்டலில் தவறுவதில்லை. எதைக் கூட்டச் சொன்னோம் என்பதில் நாம் தவறுகிறோம்.

பேராசிரியர்களுக்கும் நேர்ந்தது

தோட்டத்துக் குமாஸ்தாவுக்குத்தான் இப்படி நேரும் என்று யாரும் எண்ண வேண்டாம். 2010இல் பேராசிரியர்கள் இருவர், ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்போர், ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்ற கருத்துக்கு அந்த ஆய்வு ஆதாரமாயிற்று. செலவைச் சுருக்க வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் பல நாடுகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரிச் சூத்திரம் கடைசி ஐந்து வரிசைகளை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்குக்கு வெளியே நின்றன. இதையும் வேறு சில குறைகளையும் திருத்தியபோது, சராசரி வளர்ச்சி கழித்தல் 0.1 சதவீதம் என்றிருந்தது 2.2 சதவீதம் ஆயிற்று.

நம் ஆபீஸ்களில் இதே பிழை எப்படி வரும்? 40 பேருக்குச் சம்பளத் தாள் போட்டு, இரண்டாவது வரிசை முதல் 41ஆவது வரிசை வரை கூட்டச் சொல்லியிருப்போம். புதிதாக இருவர் வேலைக்குச் சேர்வார்கள். அவர்களைக் கீழே சேர்ப்போம். சூத்திரம் பழைய எல்லையிலேயே நிற்கும். ஐந்து நாடுகள் வெளியே நின்றதுபோல இரண்டு தொழிலாளர்கள் வெளியே நிற்பார்கள்.

இங்கிலாந்திலும் இப்படியொன்று நடந்தது. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் கொரோனா கண்டவர்களில் 15,841 பேர் அரசின் தினசரிக் கணக்கில் சேராமல் போனார்கள். பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைகளுக்குமேல் இடமில்லை. மிஞ்சியவர்கள் விழுந்துவிட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அதனால் தாமதமாயிற்று.

போராடிப் பெற்ற கூலியும் ஒரு கட்டமும்

மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் 2015 செப்டம்பரில் வீதிக்கு வந்ததை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அதற்குப் பெயர். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதில் மூண்ட போராட்டம், 20 சதவீதத்தைப் பெற்றுத் தந்தது. பின்னர் நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாயிற்று.

இப்படி வென்ற கூலி தொழிலாளியின் கைக்கு வர வேண்டுமானால் அது யாரோ ஒருவருடைய தாளில் சரியாக ஏறியாக வேண்டும். ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன். எந்த ஆபீஸிலும் இப்படி நடந்ததாகச் சொல்லவில்லை. நாள்கூலியைத் தனிக் கட்டம் ஒன்றில் எழுதிவைக்காமல், ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் 232 என்ற எண்ணையே ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலி உயர்ந்ததும் எல்லா வரிசையிலும் மாற்றுகிறார். ஒரே ஒரு வரிசை விட்டுப்போகிறது. அந்தத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 69 ரூபாய், 26 நாளுக்கு 1,794 ரூபாய் நஷ்டம். வீதியில் நின்று வாங்கியதை ஒரு கட்டத்தில் தொலைத்ததாகிவிடும்.

ஆகவே கூலி விகிதத்தைத் தனிக் கட்டத்தில் வைப்பதே முறை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. சூத்திரத்தைக் கீழே நகல் எடுக்கும்போது விகிதக் கட்டத்தின் முகவரியும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறங்கிவிடும். எஃப்1 என்றிருந்தது அடுத்த வரிசையில் எஃப்2 ஆகும். அங்கே ஒன்றுமில்லாவிட்டால் சம்பளம் பூஜ்யம். வேறேதாவது எண் இருந்தால் அதுவே கூலி! முகவரியின் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி ($) போட்டால்தான் அது அசையாமல் நிற்கும்.

பிழை என்று சொல்லாத பிழைகள்

கட்டத்தில் பிழைச் செய்தி தோன்றினால் பயமில்லை. திருத்திவிடுவோம். பார்க்க நியாயமாகத் தோன்றும் தப்பான எண்தான் ஆபத்து. அப்படிப்பட்டவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 'வி-லுக்அப்'. தொழிலாளியின் எண்ணைக் கொடுத்தால் அவருடைய விகிதத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தரும் சூத்திரம் இது. கடைசியில் 'ஃபால்ஸ்' என்று சேர்க்காவிட்டால், கேட்ட எண் பட்டியலில் இல்லாதபோது அதற்கு முந்திய சிறிய எண்ணுக்குரியதை எடுத்துக் கொடுத்துவிடும். ஒருவர் சம்பளத்தில் இன்னொருவர் விகிதம் ஏறும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். யாருடையது வரும் என்றே சொல்ல முடியாது.

இரண்டாவது, தேதி. நாம் 5/6 என்று ஜூன் 5ஐ எழுதுகிறோம். அமெரிக்க வழக்கப்படி அமைந்த கம்ப்யூட்டர் அதை மே 6 என்று கொள்ளும். 13/6 என்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் எழுத்தாகவே விட்டுவிடும். பணிக்காலத்தைக் கணக்கிடும் இடத்தில் இது எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 'மார்ச் 1', 'செப்ட் 1' என்ற சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்களை எக்ஸெல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், விஞ்ஞானிகள் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றி 2020இல் புது விதி வகுத்தார்கள் என்பது வேடிக்கையான உண்மை.

மூன்றாவது, மணிக்கணக்கு. ஃபாக்டரியில் நாலு நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்தவருக்குக் கூட்டினால் 32 மணி வர வேண்டும். சாதாரண அமைப்பில் தாள் 8:00 என்று காட்டும். 24 மணி ஆனதும் கடிகாரம்போல மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். மணியைச் சதுர அடைப்புக்குள் வைத்து அமைத்தால்தான் முழுத் தொகை தெரியும்.

குமாஸ்தா செய்ய வேண்டியது

சரிபார்ப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. சந்தேகப்பட்ட கட்டத்தில் நின்று எஃப்2 விசையை அழுத்தினால், சூத்திரம் எந்தெந்தக் கட்டங்களை எடுத்துக்கொள்கிறது என்பதை வர்ணக் கோடு போட்டுக் காட்டும். இது முதல் படி. அடுத்து, 'கவுன்ட்' என்ற சூத்திரம் எண்களை மட்டும் எண்ணும். 'கவுன்ட்-ஏ' நிரம்பிய கட்டங்கள் அனைத்தையும் எண்ணும். எண்கள் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு பத்திக்கு இரண்டும் வெவ்வேறு விடை தந்தால், எங்கோ ஒரு "25 கிலோ" ஒளிந்திருக்கிறது என்று பொருள். பெயர்களின் எண்ணிக்கையை மஸ்டரோடு ஒத்துப் பாருங்கள். வரிசைக் கூட்டலும் பத்திக் கூட்டலும் ஒரே தொகையில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, ஏதாவது மூன்று பேருடைய சம்பளத்தைக் காகிதத்தில் கையால் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் அரைமணி நேரம் ஆகலாம்.

அந்த அரைமணியை ஆபீஸ் தர வேண்டும் என்பது என் கட்சி. பத்துப் பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டி, சம்பளத்துக்கு முந்தின நாள் இரவு தாளை முடிக்கச் சொல்லிவிட்டு, பிழை வந்தால் குமாஸ்தாவைக் கடிவது நியாயமாகாது. ஒருவர் போட்ட தாளை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் பேரேட்டுக் காலத்தோடு செத்துப்போக வேண்டியதில்லை.

தொழிலாளி செய்ய வேண்டியது

சம்பளச் சீட்டு முதலாளியின் தயவல்ல. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு அதைக் கடமையாக்கியிருக்கிறது. கூலி குறைந்தது என்று முறைப்படி கோரிக்கை வந்தால், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதே என்று அதே சட்டம் சொல்கிறது. சீட்டில் மொத்தத் தொகை மட்டும் போதாது. எத்தனை நாள், எத்தனை கிலோ, என்ன விகிதம், எதற்குப் பிடித்தம் என்பவை பிரிந்து நிற்க வேண்டும். அப்போதுதான் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தாலும் கூட்டிப் பார்க்க முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் கிலோவும் எழுதினால் போதும். மொழி வேறான ஊரில் வந்து பிழைக்கிறவர்களுக்கு வாய்ச்சொல்லைவிட எழுத்துத்தான் துணை. ஜன்னலில் நின்று கேட்பதைச் சண்டை என்று குமாஸ்தாவும் எண்ணக் கூடாது. தொழிலாளியும் எண்ணிக் கூச்சப்படக் கூடாது. கேட்கிறவரால்தான் தாள் திருந்துகிறது.

அன்றைக்கு அந்த அக்கா என் பதிலைக் கேட்டுத் திரும்பிப் போயிருந்தால், அவரோடு இன்னும் மூன்று பேரின் உழைப்பு என் கையாலேயே அழிந்திருக்கும். அதன்பிறகு வேலையிலிருந்த காலம் முழுவதும், "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு" என்ற பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. "வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்றே சொன்னேன்.