ரெசீப்ட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த 'பி'

போன செமஸ்டரில் நடந்த விஷயம் இது. இன்னும் மனசில் உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் திருத்திக் கொடுத்தார்கள். என் நண்பன் ஒருவன், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். 'ரெசீப்ட்ஸ் அண்ட் பேமென்ட்ஸ் அக்கவுண்ட்' கணக்கைப் போட்டிருந்தான். குளோசிங் பேலன்ஸ் ஒரு ரூபாய் பிசகாமல் வந்திருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு வரவில்லை. எனக்கும்தான். ஆனால் தலைப்பில் 'ரெசீப்ட்' என்ற வார்த்தையில் 'பி'யை விட்டுவிட்டான். சார் அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்தார். "நாளைக்கு ஆடிட்டர் ஆகப் போறவர் இவர்தான்" என்று ஒரு போடு போட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவன் வகுப்பில் வாய் திறந்து ஒரு டவுட் கேட்டதில்லை. வெளியே வந்து என்னிடம் கேட்பான். கணக்கைச் சரியாகப் போட்டவன், தப்பாகப் போட்டவனிடம் டவுட் கேட்கிறான். இதைவிடக் கொடுமை உண்டா?

சரி, யார் இந்த 'பி', எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது.

ஆங்கிலத்துக்கு அந்த வார்த்தை பிரெஞ்சு வழியாக வந்தது. வரும்போது அதில் 'பி' சத்தமும் இல்லை, 'பி' எழுத்தும் கட்டாயமில்லை. ஆங்கிலேயர்களே ரொம்ப காலம் அதில்லாமல்தான் எழுதினார்கள். பிறகு லத்தீன் படித்த மேதாவிகள், "இதன் மூலச்சொல்லான லத்தீன் வார்த்தையில் 'பி' இருக்கிறதே" என்று கண்டுபிடித்து, அதைக் கொண்டுவந்து நடுவில் சொருகினார்கள். வாய் அதை உச்சரிக்கவே இல்லை, இன்றும் உச்சரிப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே குடும்பத்தில் பிறந்த 'டிசீட்', 'கன்சீட்' இரண்டுக்கும் 'பி' இல்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் மொட்டை போட்டு, மற்ற இரண்டையும் அப்படியே விட்ட கதை.

காமர்ஸ்காரர்களே, நம் 'டெட்' இருக்கிறதே, கடன், அதன் கதையும் இதுதான். (தமிழில் எழுதினால் இரண்டும் 'பி' ஆகிவிடுகிறது. ரெசீப்ட்டில் இருப்பது பென்சில் 'பி', டெட்டில் இருப்பது பஸ் 'பி'.) பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த 'பி' கிடையாது. லத்தீனைக் காட்டி 15, 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒட்டவைத்தார்கள். 'டவுட்' என்ற வார்த்தையிலும் அதே வேலை. 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது அசல் பழைய ஆங்கில வார்த்தை, லத்தீனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'ஐல்' என்ற வேறொரு வார்த்தையைப் பார்த்து, இதுவும் அதன் சொந்தம் என்று தப்பாக நினைத்து ஒரு 'எஸ்' போட்டுவிட்டார்கள். படித்தவர்கள் செய்த தப்பு. இன்று அதுதான் ரூல். அந்த 'எஸ்'ஸை விட்டால் நமக்கு மார்க் போகும்.

"டிக்‌ஷனரியில் இருக்கிறதே, அது சும்மாவா?" என்பீர்கள். டிக்‌ஷனரி போட்டவரையே கேட்போம். சாமுவேல் ஜான்சன், 1755-ல் தன் பெரிய அகராதியை வெளியிட்டவர். அதன் முன்னுரையில் அவரே, 'டிசீட்'டை ஒரு மாதிரியும் 'ரெசீப்ட்'டை ஒரு மாதிரியும் எழுதுவது பெரும்பான்மையோர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் என்று ஒப்புக்கொள்கிறார். மொழியை மாறாமல் நிறுத்திவைக்கலாம் என்று ஆரம்பத்தில் நினைத்ததாகவும், அது நடக்காத காரியம் என்று புரிந்துகொண்டதாகவும் அதே முன்னுரையில் சொல்கிறார். அவர் அகராதியில் 'மியூசிக்' என்ற வார்த்தை 'கே'யில் முடியும். இன்று ஜான்சனே வந்து பரீட்சை எழுதினாலும் சிவப்பு இங்க்தான்.

ஸ்பெல்லிங்குக்கு மட்டும் இந்தக் கதி இல்லை, பேச்சுக்கும்தான். ஜோனதன் ஸ்விஃப்ட், கலிவரின் பயணங்கள் எழுதியவர், 1712-ல் ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த வேண்டும் என்று ஒரு திட்டமே எழுதினார். அவருக்கு அறவே பிடிக்காத வார்த்தைகளில் ஒன்று 'மாப்', அதாவது கும்பல். லத்தீன் தொடர் ஒன்றை இளவட்டங்கள் வெட்டிச் சுருக்கிய ஸ்லாங் அது. இன்று எந்த ஆங்கிலப் பேப்பரைப் புரட்டினாலும் இருக்கிறது. 'யூ' என்பது ஒரு காலத்தில் பலரைக் குறிக்கும் சொல். ஒருவரை 'தௌ' என்பார்கள். நம் 'நீங்கள்' மாதிரி, மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் இதை எதிர்த்து மல்லுக்கட்டினார்கள். யார் ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஓகே'. 1839-ல் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பான ஸ்பெல்லிங்கில் எழுதி, அதன் முதல் எழுத்துகளைப் போட்டு ஜோக் அடித்தார்கள். அந்த ஜோக்தான் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. "எஸ்.எம்.எஸ். வந்து ஆங்கிலம் கெட்டுப்போச்சு" என்று புலம்பியவர்களுக்கு ஒரு தகவல்: 'ஓ.எம்.ஜி.' என்ற சுருக்கம் 1917-லேயே பிரிட்டிஷ் அட்மிரல் ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

இங்கேதான் என் சண்டையே. பாஸ்டன்காரன் தப்பாக எழுதினால் அது நகைச்சுவை. அட்மிரல் சுருக்கினால் அது சரித்திரம். நம்ம ஊர்ப் பையன் ஊமை எழுத்து ஒன்றை விட்டால் அது மட்டும் முட்டாள்தனமா? 'ப்ரீபோன்' என்றால் சிரிக்கிறோம், அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குள் போயாகிவிட்டது. நம்ம 'ஐயோ'வும் 2016-ல் அதே அகராதியில் ஏறிவிட்டது. 'ஆர்கனைசேஷன்' என்பதற்கு 'இஸட்' போட்டால் "அமெரிக்கன் ஸ்பெல்லிங்" என்று அடித்துவிடுகிறார்கள். அந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 'இஸட்' போட்டுத்தான் அச்சடிக்கிறது!

"அப்போ இஷ்டத்துக்கு எழுதலாமா தம்பி?" என்று கேட்பவர்களுக்கு: கூடாது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஸ்பெல்லிங் ரூபாய் நோட்டு மாதிரி. காகிதத்துக்கு என்று தனி மதிப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கும் வரை செல்லும். 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அன்றிலிருந்து நூறு பைசா. இன்று அணாவை நீட்டினால் கடைக்காரர் வாங்க மாட்டார். அதற்காக அணாவில் கணக்குப் போட்ட தாத்தாவை அறிவில்லாதவர் என்போமா? இன்வாய்ஸ், செக், வேலைக்கான அப்ளிகேஷன் எல்லாவற்றிலும் இன்று செல்லும் ஸ்பெல்லிங்கைத்தான் எழுத வேண்டும். அவன் பேப்பரிலும் வட்டம் போட்டுத் திருத்தியிருக்கலாம். அரை மார்க்கூடக் குறைத்திருக்கலாம். தப்பைத் திருத்துவது ஆசிரியர் வேலை. அதை வைத்து ஆளை அளப்பது யார் வேலை?

பழைய சொற்கள் கழிவதும் புதியவை புகுவதும் குற்றமில்லை, அது காலத்தின் வேலை என்று நம் நன்னூலே எப்போதோ சொல்லிவிட்டது. இலக்கணம் எழுதிய பவணந்தி முனிவருக்கு இருந்த பெருந்தன்மை, கையில் சிவப்பு பேனா பிடித்தவுடன் நமக்கு ஏன் போய்விடுகிறது? அதுவும் நமக்கே இரண்டாவது மொழியாக இருக்கும் ஒன்றுக்காக?

கடைசியாக, நண்பா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னித்துவிடு. நாளைக்கு வகுப்பில் டவுட் வந்தால் எழுந்து கேள். யாராவது சிரித்தால், 'டவுட்'டில் இருக்கும் அந்த 'பி' எப்படி வந்தது என்று நான் எழுந்து கேட்கிறேன்.

பி.கு.: இந்த 'பி' சைலன்ட் இல்லை. :-)