பாடம் யாரு எடுக்கா?

கோடை விடுமுறை பாதி கழிவதற்குள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் புதுப் பயிற்சி மையங்களின் அறிமுக வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும். நீட், டிஎன்பிஎஸ்சி, நர்சிங் முடித்தவர்களுக்கு ஜெர்மன் மொழி என்று பாடம் மாறும், படம் மாறாது. ட்ரோன் கேமரா 133 அடி திருவள்ளுவர் சிலையை ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு ரிப்பன் வெட்டும் சிறப்பு விருந்தினர், ஏசி அறை, உறை பிரிக்காத நாற்காலிகள். பெற்றோர் போன் போட்டுக் கேட்கும் முதல் கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது: "பாடம் யாரு எடுக்கா?"

கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. 1809-லேயே மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கிய மண் இது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டம். விசாரிக்காமல் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள்.

வீடியோ எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, வகுப்பைக் காட்டாமல் வெற்றியைக் காட்டுவது. இதில் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. சென்னையின் சங்கர் ஐஏஎஸ் அகாடமிக்கு 2024-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2022 குடிமைப் பணித் தேர்வில் வென்ற 933 பேரில் 336 பேர் தங்களிடம் படித்தவர்கள் என்று அகாடமி விளம்பரம் செய்திருந்தது. ஆணையம் விவரம் கேட்டபோது, அவர்களில் 221 பேர் இலவச நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு வந்தவர்கள் என்று தெரிந்தது. முதல்நிலைத் தேர்வும் முதன்மைத் தேர்வும் தாண்டியவருக்குத்தான் நேர்முகத் தேர்வே. மலையின் முக்கால்வாசியை அவர்கள் வேறு வழியில் ஏறி முடித்திருந்தார்கள். யார் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார் என்பதை விளம்பரம் மறைத்தது என்பதே ஆணையம் சுட்டிய முக்கியக் குறை.

ஒரே ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் போன மாணவிக்கு மாலை போட்டுப் படமெடுத்து வீடியோவின் முதல் காட்சியாக வைப்பதும் இதே தவறுதான். அளவுதான் சின்னது. அதைப் பார்த்து நகையை அடகு வைத்து முழு வருட ஃபீஸ் கட்டும் குடும்பத்துக்கு இழப்பு சின்னதல்ல.

சிறுவர்களுக்கு ஆன்லைனில் கோடிங் சொல்லிக்கொடுத்த வைட்ஹாட் ஜூனியர் நிறுவனம் ஒரு படி மேலே போனது. அதன் விளம்பரங்களில் 'உல்ஃப் குப்தா' என்ற சிறுவன் கூகுளில் கோடிகளில் சம்பளம் வாங்கினான். விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயதும் மாறியது, சம்பளமும் மாறியது. அப்படியொரு சிறுவனே இல்லை. 2020-ல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்டபின் ஐந்து விளம்பரங்கள் நீக்கப்பட்டன. குறைசொன்ன பொறியாளர் ஒருவர் மீது 20 கோடி ரூபாய் மானநஷ்ட வழக்குப் போட்ட நிறுவனம், மறு ஆண்டு அதைத் திரும்பப் பெற்றது. தவறைத் திருத்தச் செலவிட்டிருக்க வேண்டிய மாதங்கள் வழக்கில் போயின.

2024 நவம்பர் 13-ல் பயிற்சி மையங்களுக்கென்றே விதிமுறைகள் வந்துவிட்டன. தேர்வான மாணவரின் படத்தைப் போட, தேர்வான பிறகு அவரிடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்க வேண்டும். என்ன ரேங்க், எந்தப் பயிற்சி, பணம் கட்டிச் சேர்ந்ததா என்பதையும் சொல்ல வேண்டும். இடம் இருக்கும்போதே 'கடைசி ஐந்து இடங்கள்' என்று அவசரப்படுத்துவதும் கூடாது.

அப்படியானால், நேற்றுத்தான் கதவு திறந்த மையம் எதைக் காட்டும்? வகுப்பையே காட்டலாம். அலக் பாண்டே 2016-ல் யூடியூபில் இயற்பியல் நடத்தத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது பாடம்தான். அதைப் பார்த்துப் பழகிய மாணவர்கள்தான், 2020-ல் 'பிசிக்ஸ்வாலா' நிறுவனமானபோது அதற்குப் பலமானார்கள். கோட்டாறிலோ குழித்துறையிலோ இருக்கும் ஓர் ஆசிரியர், பிள்ளைகள் வழக்கமாகத் திணறும் ஒரு கணக்கை எடுத்து நாலு நிமிடம் நடத்தினால் போதும். காலி அறையில் குரல் எதிரொலிக்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக்கும் ஜன்னலுக்கு ஒரு திரையும் வாங்குங்கள். ட்ரோன் வாடகையைவிட அது உருப்படியான செலவு.

ஜெர்மன் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இதில் பொறுப்பு இன்னும் கூடுதல். ஜெர்மனியில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை செய்யப் பொதுவாக பி2 நிலை மொழித்தேர்ச்சி கேட்பார்கள். அதற்கு மேல் படிப்பை அங்கீகரிக்கும் நடைமுறையும் உண்டு. விமானம் ஏறும் காட்சிக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். தொடக்க நிலையான ஏ1-லிருந்து பி2 வரை எத்தனை மாதம், தேர்வுக் கட்டணம் ஃபீஸில் சேர்ந்ததா தனியா, தோற்றால் மறுபடி வகுப்பில் உட்கார விடுவார்களா? இந்த விவரங்களை ஆசிரியரே கேமராவைப் பார்த்துச் சொல்லட்டும். கூடவே, இப்போது ஏ2-வில் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு மாணவியை, அவள் சம்மதத்தோடு, இரண்டு நிமிடம் பேச விடுங்கள்.