பயந்தவனும் படைவீரன்தான்

போர் நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் எழும். ‘நாட்டுக்காக உயிரைக் கொடுப்பவனைப் பற்றி எழுத வேண்டியவர்கள், நடுங்குகிறவனையும் வெட்கத்தில் குமைகிறவனையும் கதாநாயகனாக்குகிறார்கள். இது படைவீரனுக்குச் செய்யும் அவமரியாதை. இளைஞர்களின் நெஞ்சுரத்தைக் கெடுக்கும் வேலை’ என்பார்கள். பலர் இதை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே இதை அலட்சியமாக ஒதுக்காமல், உள்ளே இருக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

1. ‘பயம் கோழைக்குத்தான் வரும்’

எரிக் மரியா ரெமார்க்கின் ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ 1929-இல் நூலாக வந்தது. முதல் உலகப் போரின் ஜெர்மன் படைவீரர்களைப் பற்றிய நாவல். அதில் ஒரு காட்சி. எறிகணைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. அப்போதுதான் முன்னரங்கத்துக்கு வந்த ஒரு பையன், பால் பாய்மர் என்ற வீரனின் கைக்கடியில் தலையைப் புதைத்துக்கொண்டு ஒண்டுகிறான். சத்தம் ஓய்ந்ததும் அவன் கை மெல்லப் பின்புறம் போகிறது, முகம் சிவக்கிறது. கால்சட்டையிலேயே மலம் கழித்துவிட்டான். பால் சிரிக்கவில்லை. முதல் குண்டுவீச்சில் பலருக்கும் இப்படித்தான் ஆகியிருக்கிறது என்று சொல்லி, புதருக்குப் பின்னால் போய் உள்ளாடையைக் கழற்றி எறிந்துவிட்டு வரச் சொல்கிறான். சற்று நேரத்தில் அந்தப் பையன் இடுப்பு சிதைந்து கிடக்கிறான்.

பால் அந்தப் பையனைக் கோழை என்று நினைக்கவே இல்லை. எறிகணைக்கு அடியில் கிடந்தவனுக்கு உடம்பு என்ன செய்யும் என்று தெரியும். பயத்தை இழிவாகப் பார்க்கிற பார்வை பதுங்குகுழியில் பிறப்பதில்லை. அது பெரும்பாலும் பாதுகாப்பான தூரத்தில் இருப்பவர்களுடையது.

2. ‘வெட்கம்தான் வீரத்துக்கு வேலி’

பயத்தை மன்னித்துவிடலாம், ஆனால் வெட்கப்படத் தெரிந்தவன்தான் களத்தில் நிற்பான் என்பது அடுத்த வாதம். நமக்கு இது எளிதில் பிடிபடும். மகன் புறமுதுகிட்டிருந்தால் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போன புறநானூற்றுத் தாயைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம்.

ஸ்டீபன் கிரேனின் ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ (1895) நாவலின் ஹென்றி ஃபிளெமிங்கும் தன் தாயிடம் அப்படி ஒரு வீர வசனத்தை எதிர்பார்க்கிறான். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் புறப்படும் பண்ணை வீட்டுப் பையன் அவன். தாயோ உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறாள். முதல் தாக்குதலில் தாக்குப்பிடித்தவன், எதிரி மறுபடி வந்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். பிறகு காயம்பட்டவர்களின் ஊர்வலத்தில் கலந்துகொள்கிறான். கந்தல் உடையில், தலையிலும் கையிலும் அடிபட்ட ஒரு வீரன் அவனோடு பரிவாகப் பேச்சுக் கொடுத்து, உனக்கு எங்கே அடி என்று கேட்கிறான். ஹென்றியின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல், நினைவு தடுமாறிக்கொண்டிருக்கும் அந்த மனிதனை வயல்வெளியில் விட்டுவிட்டு நழுவுகிறான்.

இந்த இரண்டு ஓட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குக் காரணம் பயம். அவன் இல்லாமலேயே அவனுடைய அணி தாக்குதலை முறியடித்துவிட்டது. இரண்டாவது ஓட்டத்துக்குக் காரணம் வெட்கம். அதில் சாகக் கிடந்த ஒருவன் கைவிடப்பட்டான். மறுநாள் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறானே, அந்த ஹென்றியைக் கடைசிவரை அரிக்கும் நினைவு அந்தக் கந்தல் உடைக்காரன்தான். வெட்கத்தை வேலி என்பவர்கள், அந்த வேலி யாரை வெளியே தள்ளுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

வெட்கம் போருக்கு ஆள் சேர்க்கும் கருவியும்கூட. ரெமார்க்கின் நாவலில் காண்டோரெக் என்ற பள்ளி ஆசிரியர் தேசபக்தி பேசிப் பேசி வகுப்பையே படையில் சேர்க்கிறார். யோசெஃப் பேம் என்ற மாணவன் மட்டும் தயங்குகிறான். ஊர் கோழை என்று ஒதுக்கிவிடுமே என்றுதான் அவனும் சேர்கிறான். முதலில் செத்தவர்களில் அவன் ஒருவன். வியட்நாம் போரில் பங்கேற்ற டிம் ஓ’பிரையன் 1990-இல் வெளியிட்ட ‘தி திங்ஸ் தே கேரிட்’ நூலில், கட்டாய ராணுவ அழைப்பு வந்த இளைஞன் ஒருவன் கனடா எல்லையில் ஓடும் ஆறுவரை போய்விடுகிறான். அக்கரை கண்ணெதிரே இருக்கிறது. படகிலிருந்து குதிக்க முடியவில்லை. ஊரார் முகங்கள் அவனைத் தடுக்கின்றன. தப்பென்று தான் நம்பிய போருக்கு வெட்கத்தினாலேயே போகிறான். போனதைத்தான் கோழைத்தனம் என்கிறான்.

3. ‘போர் பையனை ஆளாக்கும்’

ஆளாவது என்றால் உலகத்தை நம்பிப் பொறுப்பேற்கும் பக்குவம் வருவது. ரெமார்க்கின் பாலுக்கு அது வந்ததா? அவன் விடுமுறையில் ஊருக்கு வருகிறான். அவனுடைய புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. எடுத்துப் புரட்டினால் எதுவும் ஒட்டவில்லை. செத்துப்போன நண்பனின் தாயிடம், உங்கள் மகன் வலி தெரியாமல் நொடியில் போய்விட்டான் என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். அவன் இழந்த வெகுளித்தனம் வெறும் உலகம் தெரியாத்தனமாக மட்டும் இருந்திருந்தால் இழப்பு பெரிதில்லை. பெரியவர்கள் நமக்கு நல்லதைத்தான் சொல்வார்கள் என்ற நம்பிக்கையே அவனிடமிருந்து போய்விட்டது. அதை இழந்தவனுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. இதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

4. ‘போரை அறியாதவர்களும் தோற்றவர்களும் எழுதியவை’

கிரேன் 1871-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் என்பது உண்மை. மற்றவர்கள் அப்படி இல்லை. ரெமார்க் 1917-இல் ஃபிளாண்டர்ஸில் காயம்பட்டவர். ஓ’பிரையன் காலாட்படையில் இருந்தவர். தோற்றவர்களின் புலம்பல் என்ற வாதத்துக்கு வியட்நாமின் பாவோ நின் ஒருவரே போதும். அவர் 1969-இல் வட வியட்நாம் படையில் சேர்ந்தவர். வென்ற படையின் வீரர். அவருடைய ‘தி சாரோ ஆஃப் வார்’ நாவலின் கியென், போர் முடிந்த பின் காட்டுக்குள் தோழர்களின் எலும்புகளைத் தேடிச் சேகரிக்கிறான். வெற்றி அவனுக்கு ஆறுதல் தரவில்லை. காதலும் இளமையும் போனது போனதுதான்.

5. ‘கொன்றவனைப் பரிதாபத்துக்கு உரியவனாக்குகின்றன’

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போய்ச் சுட்ட வீரனின் மனக்காயத்தை முந்நூறு பக்கம் எழுதிவிட்டு, சுடப்பட்டவனுக்குப் பெயர்கூடக் கொடுக்காத நாவல்கள் உண்டு. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் நல்ல போர் நாவல் அந்த இடத்தில்தான் நின்று பேசுகிறது. எறிகணைக் குழிக்குள் விழுந்த பிரெஞ்சு வீரனைப் பால் கத்தியால் குத்துகிறான். பிறகு, அவன் மெல்ல மெல்லச் சாவதைப் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டைப்பையைத் திறந்தால் மனைவி, குழந்தையின் படங்கள். பெயர் ஜெரார் டுவால், அச்சுத் தொழிலாளி. அங்கே பாலுக்கு வரும் வெட்கம், ஊர் என்ன சொல்லும் என்பதால் வருவதில்லை. எதிரில் கிடப்பவனைப் பார்த்து வருவது. பேமைக் கொன்ற வெட்கம் வேறு, இது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இலக்கியத்தின் வேலை.

படைவீரனை உண்மையில் யார் அவமதித்தது? முதல் உலகப் போரில் பிரிட்டன் தன் படையினர் பலரைக் கோழைத்தனத்துக்காகவும் படையை விட்டு ஓடியதற்காகவும் தானே சுட்டுக்கொன்றது. அவர்களில் 306 பேருக்கு மன்னிப்பு 2006-இல்தான் கிடைத்தது. ரெமார்க்கின் நூலை 1933-இல் எரித்த நாஜிகள், அது படைவீரர்களுக்குத் துரோகம் செய்கிறது என்றுதான் சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு தலைமுறையையே களத்தில் பலிகொடுத்தார்கள்.

படைக்குப் போகும் வயதில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்த நாவல்களை மறைக்காதீர்கள். வீரப் பாட்டு மட்டும் கேட்டு வளர்ந்தவனுக்கு முதல் நடுக்கம் வரும்போது, உலகத்திலேயே தான் ஒருவன்தான் இப்படி என்று தோன்றும். அந்தத் தனிமையில்தான் ஹென்றி அந்த மனிதனைக் கைவிட்டான். இவற்றைப் படித்தவனுக்குத் தன்னைப்போல் நடுங்கியவர்கள் ஆயிரம் பேர் என்று தெரிந்திருக்கும். பக்கத்தில் நடுங்குகிறவனைப் பார்த்து, பால் சொன்னதுபோல் ஒரு நல்ல வார்த்தை சொல்லவும் அவனுக்கு வாய் வரும்.