பெயர் இருக்கிறது, பள்ளி எங்கே?

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரம் ஒரு காலத்தில் இன்னொரு கடையநல்லூராகவே விளங்கிற்று. நெல்லைச் சீமையின் தறிக்குழிகளை விட்டுக் கடல் கடந்து சென்று உழைத்த மக்கள் அவர்கள். போர் ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், 1946ஆம் ஆண்டிலேயே, சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீகின் மூலம் தம் பிள்ளைகளுக்கென ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். ஆளுநர் பெயரையோ செல்வர் பெயரையோ சூட்டியிருந்தால் ஆதாயம் கிட்டியிருக்கும். அவர்களோ சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினார்கள். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, அந்நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளி என்னும் சிறப்பையும் எய்திற்று. 1982இல் பள்ளி மூடப்பட்டது. மாக்ஸ்வெல் சாலையில் நின்ற கட்டடமும் பெருவிரைவு ரயில் திட்டத்திற்கு வழிவிட்டு மறைந்தது.

ரயில்தான் பள்ளியை விழுங்கியது என்று குறைப்படுவோர் உண்டு. நாம் அதனை ஒப்புவதற்கில்லை. கட்டடம் விழுமுன்னரே வகுப்புகள் மெலிந்துவிட்டன. வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலமே வாயில் என்று கண்ட பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்பினர். 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழி ஆயிற்று. இந்த உண்மையை எழுதாத நினைவு மலர் எத்துணை வழுவழுப்பான தாளில் அச்சானால்தான் என்ன?

அதே நகரில் ராபிள்ஸ் கல்விநிலையத்தின் பழைய கட்டடமும் இடிக்கப்பட்டது. 1972இல் பள்ளி வேறிடம் பெயர்ந்தது. பழைய இடத்தில் இன்று ராபிள்ஸ் சிட்டி வணிக வளாகம் நிற்கிறது. ஆயினும் அப்பள்ளி மறக்கப்படும் என்ற அச்சம் எவருக்கும் இல்லை. லீ குவான் யூவும் கோ சோக் டோங்கும் படித்த பள்ளி அது. தலைவர்களின் வரலாற்றை எழுதுவோர் பள்ளியின் வரலாற்றையும் எழுதிவிடுவர். துறைமுகத் தொழிலாளியின் மகன் படித்த பள்ளிக்கு அந்த வசதி ஏது? அவன் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறதே, அது போதாதா என்பர் சிலர். அந்நிலையம் ஆற்றும் பணி நற்பணியே. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தமிழை ஒரு பாடமாகப் படிப்பது வேறு, நிலநூலும் கணக்கும் தமிழிலேயே படித்தது வேறு. பின்னதை அறிந்தவர் பழைய மாணவர் மட்டுமே. அவர்களுள் கடைசி அணியினருக்கே அகவை அறுபதை ஒட்டிவிட்டது. முதல் அணியினர் எண்பதைக் கடந்தவர்கள்.

இடிந்த பள்ளிகளின் பழைய மாணவர்கள் எங்குக் கூடினாலும் நடப்பதென்ன? பிரியாணி, பொன்னாடை, புரவலர் படம் அச்சிட்ட மலர். பள்ளியில் மணியடித்தவர் யார், கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்காகக் கட்டியவர் யார், பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு நிறுத்தப்பட்டனர், ஏன் என்பன அம்மலரில் இரா. இவற்றைக் கேட்டால் விருந்தின் சுவை கெடும் போலும்!

உமறுப் புலவரின் காவியமே நமக்கு எவ்வாறு கிட்டிற்று என்பதை எண்ணிப் பார்க்கட்டும். ஏட்டில் கிடந்த சீறாவை 1842இல் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார். ஏடு தேடுவதும் படி எடுப்பதும் பாடம் ஒப்புநோக்குவதும் பாராட்டுக் கூட்டத்தில் முடிகிற வேலைகளா? புலவர் பெயரைத் தாங்கிய பள்ளிக்கு அவ்வுழைப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் கேட்கிறோம். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் மதிப்பெண் அட்டை, பாடநூல், வகுப்புப் படம் ஆகியவற்றுக்குப் பட்டியல் எடுங்கள். படத்தில் நிற்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் பின்புறம் எழுதுங்கள். எண்பது வயதினரை முதலில் தேடிச் சென்று, அவர்கள் பேசுவதை அவர்கள் பேசுகிற தமிழிலேயே பதிவு செய்யுங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணமே இதற்குப் போதும்.